ஹம்மிங்பேர்டு வரவில்லையா? புது ஃபீடர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் குட்டிப் பறவைதான் ஹம்மிங்பேர்டு. அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் பாத்திரம் ஃபீடர். ஏப்ரல் பிறந்தால் போதும், டெக்ஸாஸிலிருந்து நியூ ஜெர்சி வரை நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "ஃபீடர் மாட்டியாச்சு, ஒரு ஹம்மிங்பேர்டு கூட எட்டிப் பார்க்கல. வேற ஃபீடர் வாங்கணுமா?"

வேண்டாம். பெரும்பாலும் ஃபீடர் மேல் தப்பு இருக்காது. முதலில் காலண்டரைப் பாருங்கள். அப்புறம் உள்ளே ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் மாட்டிய இடம். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தும் வரவில்லை என்றால்தான் ஃபீடரைக் குறை சொல்லலாம். கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டுச் சிக்கல் எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். தண்ணீர் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

மாட்டி நாளாச்சு, எதுவுமே வரவில்லை

நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டி வாழ்வது அனேகமாக ஒரே இனம்தான், ரூபி த்ரோட்டட். குளிர்காலத்தை மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கழித்துவிட்டு, மார்ச்சில் மெக்ஸிகோ வளைகுடாக் கரைக்கு வந்து சேரும். நியூ ஜெர்சி, கனெக்டிகட் பக்கம் எட்டிப் பார்க்க ஏப்ரல் கடைசியோ மே முதல் வாரமோ ஆகிவிடும். நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஹூஸ்டன் மச்சான் மார்ச்சில் அனுப்பிய போட்டோவைப் பார்த்து ஏங்கிப் பிரயோஜனமில்லை. கலிஃபோர்னியா கடற்கரையோரம் கதையே வேறு. அங்கே அன்னாஸ் என்ற இனம் வருடம் முழுக்க இருக்கும். ஆக, சான் ஹோசேயில் ஜனவரி மாதம் வரவில்லை என்றாலும் காரணம் தேடத்தான் வேண்டும்.

உங்கள் பகுதிக்கு வழக்கமாக வரும் நாளுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மாட்டிவிடுங்கள். யாரும் குடிக்கவில்லை என்று தண்ணீரை மாற்றாமல் விட்டுவிடக் கூடாது. முதன்முதலில் வருகிற பறவை புளித்த தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வருமென்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது இடம். பேட்டியோ கூரைக்கு உள்ளே தள்ளி, தூண் மறைவில் மாட்டியிருந்தால் பறக்கிற பறவைக்கு எப்படித் தெரியும்? முதல் வருடமாவது திறந்த வெளியில், காலை வெயில் பட்டு மதியம் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். பத்துப் பதினைந்து அடி தள்ளி மெல்லிய கிளைகள் உள்ள செடியோ சிறு மரமோ இருந்தால் நல்லது. எப்போதும் பறந்துகொண்டே இருப்பது போல நமக்குத் தோன்றினாலும், பகலில் பெரும்பகுதி நேரம் இது கிளையில் உட்கார்ந்துதான் இருக்கும். ஃபீடரின் சிவப்பு வெயிலில் வெளுத்துப் போயிருந்தால் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுங்கள், போதும்.

சரி, பூச்செடி இருக்கிறதா? வெறும் புல்தரைக்கு நடுவில் தனியாகத் தொங்கும் ஃபீடரைவிட, பக்கத்தில் நாலு பூ இருக்கும் ஃபீடர் சீக்கிரம் கண்ணில் படும். கிழக்கே கோரல் ஹனிசக்கிள் கொடி, ஈரம் தங்கும் மண் என்றால் கார்டினல் ஃப்ளவர். டெக்ஸாஸ் வெயிலுக்கு சால்வியா கிரெக்கியும் டர்க்ஸ் கேப்பும் அசையாமல் நிற்கும். டர்க்ஸ் கேப் நம் செம்பருத்திக்குச் சொந்தம்தான். பூ முழுக்க விரியாமல் சுருண்டபடியே இருக்கும், மர நிழலிலும் பூக்கும், ஆகஸ்ட் வெயிலிலும் பூக்கும். என்னைக் கேட்டால் டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் வீடுகளுக்கு முதலில் வாங்க வேண்டியது அதுதான். ஜாப்பனீஸ் ஹனிசக்கிளை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். வேலி தாண்டிப் படர்ந்து அக்கம்பக்கத்து மரங்களையே மூடிவிடும். அப்புறம், நர்சரியில் அழகாக இருக்கிறதென்று அடுக்குப் பூக்களாகப் பொறுக்க வேண்டாம். அடுக்கடுக்கான இதழ்களுக்குள் தேன் அனேகமாக இருக்காது, இருந்தாலும் அலகு போகாது. அபார்ட்மென்ட் பால்கனி என்றால் ஒரு தொட்டி சால்வியாவும் ஒரு சின்ன ஃபீடரும் போதும்.

வந்துகொண்டிருந்தவை திடீரென்று நின்றுவிட்டன

மே கடைசி, ஜூன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெண் பறவை கூட்டில் இருக்கும். ஆணுக்கும் அந்தக் கூட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். குஞ்சுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் போதாது, புரதம் வேண்டும். கொசு, பழ ஈ, குட்டிச் சிலந்தி என்று பிடித்துப் போய் ஊட்டுவாள். கூட்டை ஒட்டவைக்கும் பசையும் சிலந்தி வலைதான். அதனால் தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்துவிட்டு ஹம்மிங்பேர்டு வரவில்லை என்று சொன்னால், சாப்பாட்டில் பாதியையும் வீடு கட்டும் சாமானையும் நாமே எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். கூரை ஓரச் சிலந்தி வலையையும் அந்த இரண்டு மாதம் விட்டுவையுங்கள். விருந்தாளி வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொண்டை சிவந்த ஆண்கள் காணாமல் போவதும் இயல்பு. அவை முதலில் தெற்கே கிளம்பும். பெண்களும் அந்த வருடத்துக் குஞ்சுகளும் பின்னால் போகும். ஆனால் ஆகஸ்ட் நடுவில், சுற்றுவட்டாரத்தில் எல்லோர் வீட்டுக்கும் வந்து உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஃபீடரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போன பழச்சாறு வாடை வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

தண்ணீர் கலங்குகிறது, நூல் நூலாக மிதக்கிறது, கறுப்புப் புள்ளி வருகிறது

அளவு சுலபம். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. கால் கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர். சாதாரண வெள்ளைச் சர்க்கரை மட்டும்தான்.

நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் இடறுகிறோம். "வெள்ளைச் சர்க்கரை கெடுதல், நாட்டுச் சர்க்கரை போட்டேன்" என்று அக்கறையோடு சொல்பவர்கள் நிறைய. நமக்கு எது நல்லதோ, அது மூன்று கிராம் எடையுள்ள இந்தப் பறவைக்குப் பொருந்தாது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, கடையில் விற்கும் பழுப்புச் சர்க்கரை, ஆர்கானிக் என்று எழுதிய லேசான மஞ்சள் சர்க்கரை எல்லாவற்றிலும் இரும்புச்சத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழித்துத் தள்ள ஹம்மிங்பேர்டின் உடம்புக்கு வராது, உள்ளேயே சேர்ந்துபோகும். தேனும் கூடாது. தண்ணீர் கலந்த தேன் சீக்கிரம் புளித்து பூஞ்சை பிடிக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கான மாத்திரை இனிப்பைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. பறவைகளுக்குப் பொதுவாக இனிப்பை உணரும் மரபணுவே கிடையாது. ஹம்மிங்பேர்டின் மூதாதைகள் இறைச்சிச் சுவையை உணரும் நாக்கு உணர்வியையே மாற்றி இனிப்பை உணரக் கற்றுக்கொண்டன என்று 2014ல் விஞ்ஞானி மோட் பால்ட்வின் குழுவினர் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். நம் நாக்குக்கு இனிக்கும் அஸ்பார்ட்டேம் அதற்கு வெறும் தண்ணீர் மாதிரிதான், ஒரு வாய் பார்த்துவிட்டுப் போய்விடும். போகாமல் குடித்தால் இன்னும் மோசம், அதில் பறக்கச் சக்தி இல்லையே.

கடையில் விற்கும் சிவப்புத் தண்ணீரும் தேவையில்லை. சிவப்பு ஃபீடரில் இருக்கிறது, உள்ளே சாயம் எதற்கு?

இனி, கெடுவது பற்றி. வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தினமும் மாற்ற வேண்டும், அதிகம் போனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. 80களில் இரண்டு நாள். 70களில் மூன்று, நான்கு நாள். நன்றாகக் குளிர்ந்த நாட்களில் ஒரு வாரம் வரை விடலாம். நாள் கணக்கு எப்படியிருந்தாலும் கண் சொல்வதைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் புதுத் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். கெடத் தொடங்கியதில் லேசான பால் நிறம் தெரியும், அப்புறம் அடியிலிருந்து பஞ்சு பிரித்தாற்போல் மெல்லிய இழைகள் எழும். அந்த நிலைமைக்கு வந்தபின் மேலே புதுசாக ஊற்றி நிரப்புவது வீண். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும்.

பெரிய ஃபீடரை நிரம்ப ஊற்றிவிட்டு மாற்ற மனசு வராமல் தள்ளிப்போடுவதுதான் பல வீடுகளில் நடப்பது. கால் பங்கு ஊற்றுங்கள். ஒரு சின்ன ஃபீடர் அதைவிட நல்லது. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

கழுவுவதற்குச் சுடுதண்ணீரும் பாட்டில் பிரஷும் போதும். கறை விடாவிட்டால் ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். கறுப்புப் புள்ளி என்பது பூஞ்சை. அது பாட்டிலில் இருப்பதைவிட, பறவை அலகை விடும் பூ வடிவ ஓட்டைகளின் உள்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். அந்தப் பிளாஸ்டிக் பூவைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பிறகு வாடை துளியும் இல்லாமல் அலசிக் காயவிட வேண்டும். கழற்றிக் கழுவ முடியாத ஃபீடர் எவ்வளவு அழகாக இருந்தாலும், கண்ணாடியில் கையால் ஊதிச் செய்ததாகவே இருந்தாலும், அது அலமாரிக்குத்தான்.

எறும்பு

கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவில் மாட்டும் தண்ணீர்க் கிண்ணம் கடைகளில் கிடைக்கும். அதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும், எறும்பு தாண்டாது. வெயிலில் வற்றிவிடுவதால் ஃபீடரை நிரப்பும்போதே அதையும் நிரப்புங்கள். எண்ணெய், வாசலின், எறும்பு மருந்து எதையும் கம்பியில் தடவாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவையால் அதைச் சுத்தம் செய்துகொள்ள முடியாது.

தேனீயும் குளவியும் மொய்க்கின்றன

ஆகஸ்ட், செப்டம்பரில் குளவித் தொல்லை உச்சத்தில் இருக்கும். முதலில் ஃபீடர் ஒழுகுகிறதா பாருங்கள். வெளியில் வழிந்த ஒரு துளிதான் முதல் குளவியைக் கூப்பிடும். ஓட்டையைச் சுற்றி மஞ்சள் பூ அலங்காரம் இருந்தால் அதுவும் அவற்றை இழுக்கும், கழற்றிவிடுங்கள். இதற்கெல்லாம் அடங்காவிட்டால் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி ஃபீடரை விட்டுவிட்டு தட்டு மாதிரி ஃபீடருக்கு மாறுவதே நல்லது. அதில் தண்ணீர் ஓட்டைக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஹம்மிங்பேர்டின் நீள நாக்குக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. ஃபீடரைச் சில அடி தள்ளி மாட்டினாலும் கொஞ்ச நாள் நிம்மதி. பறவை புது இடத்தை உடனே கண்டுபிடிக்கும், குளவிக்கு நேரம் ஆகும்.

சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது

கவிழ்த்த பாட்டில் ஃபீடரில் தண்ணீரைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் குறைந்த காற்றழுத்தம். மதிய வெயில் பட்டால் மேலே உள்ள காற்று சூடாகி விரிந்து தண்ணீரைத் தள்ளும். பாதி பாட்டில் காலியாக இருந்தால் காற்று அதிகம், ஒழுகலும் அதிகம். ஆகவே நிழலில் மாட்டுங்கள். நிழலிலும் ஒழுகினால் மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். மடங்கியோ வெடித்தோ இருக்கும்.

ஒன்று மட்டும் குடிக்கிறது, மற்றதை அண்ட விடுவதில்லை

இதுவும் இயல்பு. காட்டில் ஒரு பூத்திட்டைக் காவல் காத்துப் பழகியது, இங்கே உங்கள் ஃபீடரைத் தன் பட்டா நிலமாக நினைக்கிறது. மேற்கு மாநிலங்களில் ரூஃபஸ் என்ற இனம் வந்து சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், தன்னைவிடப் பெரியவற்றையும் விரட்டும். விரட்டுகிற பறவையை நீங்கள் விரட்டாதீர்கள், அடுத்தது அந்த இடத்துக்கு வந்துவிடும். இரண்டாவது ஃபீடரை முதலாவதிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், வீட்டின் மறுபக்கம் மாட்டுங்கள். ஒன்றால் இரண்டு பக்கமும் காவல் காக்க முடியாது.

வலசைக் காலத்தில் இதற்கு நேர் எதிரான வழி வேலை செய்யும். டெக்ஸாஸ் கடற்கரையில் ராக்போர்ட் பக்கம் செப்டம்பரில் பறவைகள் குவியும், அதற்காகவே அங்கே வருடாவருடம் திருவிழா நடக்கிறது. அவ்வளவு கூட்டத்தில் நாலைந்து ஃபீடரை ஒரே இடத்தில் நெருக்கி மாட்டினால், சண்டைக்காரப் பறவையும் களைத்துப்போய்த் தன் பங்கைக் குடித்துவிட்டுப் போகும். மெக்ஸிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்க 800 கிலோமீட்டர் இருக்கிறது. அதற்குமுன் உடல் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டும். சண்டைக்கு ஏது நேரம்?

ஃபீடரில் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். ஹம்மிங்பேர்டைப் பிடித்துத் தின்னும் அளவுக்கு அதற்குத் தெம்பு உண்டு. ஒரு குச்சியில் ஏற்றி தோட்டத்தின் வேறு மூலையில் விட்டுவிடுங்கள்.

இரவில் நிறைந்திருந்தது, காலையில் காலி

தென்கிழக்கு அரிசோனாவில் கோடைக் கடைசி என்றால் வௌவால்தான். அங்கே தேன் குடிக்கும் வௌவால்கள் இருட்டியதும் வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். தொல்லை என்று நினைத்தால் இரவில் எடுத்து உள்ளே வைக்கலாம், வேடிக்கை பார்க்கவும் செய்யலாம். மற்ற இடங்களில் ராக்கூனாக இருக்கும். அது குடிப்பதோடு நிற்காது, ஃபீடரையும் உடைத்துப் போட்டுவிடும்.

பறவை அசைவில்லாமல் இருக்கிறது

குளிர்ந்த காலையில் கிளையிலோ ஃபீடரிலோ சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, சில சமயம் தலைகீழாகவே தொங்கிக்கொண்டு இருந்தால், செத்துவிட்டது என்று கையில் எடுக்காதீர்கள். இரவில் சக்தியை மிச்சம் பிடிக்க உடல் சூட்டையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு கிடக்கும். பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும் துடிப்பு, அப்போது ஐம்பதுக்குப் பக்கம் கூட இறங்கும். வெயில் ஏறினால் தானாக எழும்.

கண்ணாடியில் மோதி விழுந்தது என்றால் அவசரம். ஒரு அட்டைப் பெட்டியில் டிஷ்யூ பேப்பர் விரித்து அதில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் வெளியில் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டால் உங்கள் பகுதியில் அனுமதி பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். வீட்டிலேயே வைத்து வளர்க்க 1918ஆம் வருட வலசைப் பறவைச் சட்டம் இடம் தராது. மோதலைத் தடுக்க ஃபீடரை ஜன்னலுக்கு மூன்று அடிக்குள் மாட்டுங்கள், அல்லது முப்பது அடி தள்ளி. மூன்று அடிக்குள் இருந்தால் மோதும் அளவுக்கு வேகம் எடுக்காது. நடுவில் உள்ள தூரம்தான் ஆபத்து.

கராஜுக்குள் புகுந்து வெளியே போகத் தெரியாமல் சுற்றுகிறதா? கதவு மோட்டாரில் தொங்கும் சிவப்பு அவசரக் கைப்பிடியைப் பூ என்று நினைத்து உள்ளே வந்திருக்கும். விளக்குகளை அணைத்து, கதவை முழுக்கத் திறந்து, வாசலில் ஃபீடரை வைத்துவிட்டு ஒதுங்குங்கள். துடைப்பத்தால் துரத்தினால் மேலே மேலேதான் போகும். அது வெளியேறியதும் கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

குளிர் வந்தாச்சு, எப்போது கழற்றுவது?

ஃபீடர் இருந்தால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். பகல் குறைவதைப் பார்த்துத்தான் அது கிளம்பும். கடைசிப் பறவையைப் பார்த்து இரண்டு வாரம் வரை விட்டுவையுங்கள், பின்தங்கி வருபவற்றுக்கு உதவும்.

சியாட்டில், வான்கூவர் பக்கம் கழற்றவே கூடாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு கலிஃபோர்னியாவிலும் மெக்ஸிகோவின் பாஹாவிலும் மட்டும் கூடு கட்டிய அன்னாஸ், தோட்டங்களையும் ஃபீடர்களையும் நம்பி அங்கே வரை பரவியிருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சில டிகிரி கீழே போனால்தான் உறையும். அந்த மாதிரி இரவுகளில் ஃபீடரை உள்ளே எடுத்துவிட்டு, விடியும் முன் வெளியே மாட்டுங்கள். எழுந்ததும் அதற்கு உடனே குடிக்க வேண்டும். இரண்டு ஃபீடர் வைத்து மாற்றி மாற்றி மாட்டுவது சுலபம். உறையாமல் இருக்கட்டும் என்று சர்க்கரையைக் கூட்டிப் பாகு காய்ச்ச வேண்டாம்.

ஊரில் அம்மா வீட்டு மாடியில் மாட்டினேன், வரவே இல்லை

வராது. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஹம்மிங்பேர்டு இனங்களில் ஒன்றுகூட அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே வாழ்வதில்லை. ஊரிலிருந்து "ஹம்மிங்பேர்டு பார்த்தேன்" என்று வரும் வீடியோவில் பூ முன்னால் அந்தரத்தில் நிற்பதை நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். தலையில் இரண்டு உணர்கொம்பு தெரிந்தால் அது அந்துப்பூச்சி. இறகும் வளைந்த அலகும் தெரிந்தால் தேன்சிட்டு. அது வேறு குடும்பம், பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும்.

சென்னையிலோ மதுரையிலோ அதற்கு ஃபீடர் வாங்கிக் கொடுத்து, அந்த வெயிலில் தினமும் கழுவும் வேலையை அம்மாவின் தலையில் கட்ட வேண்டாம். ஒற்றை இதழ்ச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் ஒரு வாழையும் இருந்தால் தேன்சிட்டு தானாக வரும். ஜன்னல் கம்பியிலோ துணிக் கொடியிலோ குப்பைப் பை தொங்குவது போல ஒன்று தெரிந்தால் ஒட்டடைக் குச்சியை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அது அதன் கூடு.